பந்தயம் போயிற்று, கணக்கு எங்கே?

பிரெஞ்சு நாட்டின் மாபெரும் சைக்கிள் பந்தயமான 'டூர் டி பிரான்ஸ்' 2014 ஜூலை 5, 6 தேதிகளில் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பிரதேசத்தில் நடந்தது. முதல் நாள் லீட்ஸிலிருந்து ஹாரோகேட். மறுநாள் யார்க்கிலிருந்து ஷெபீல்டு. சாலை நெடுக லட்சக்கணக்கான மக்கள் திரண்டு நின்று ஆரவாரம் செய்தார்கள். 2027-ம் ஆண்டுப் பந்தயம் மீண்டும் பிரிட்டனில், எடின்பரோ நகரில் தொடங்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். எனவே பழைய கணக்கைப் புரட்டிப் பார்ப்பது அவசியம்.

யார்க்ஷயர் என்பது கம்பளி மில்களும் நிலக்கரிச் சுரங்கங்களும் நிறைந்திருந்த பூமி. அங்கே சைக்கிள் உழைப்பாளியின் சொத்து. 1894-ல் இங்கிலாந்தின் சோஷலிஸ்டுகள் 'கிளாரியன்' சைக்கிள் சங்கத்தைத் தொடங்கி, ஊர் ஊராகச் சென்று தங்கள் பத்திரிகையைப் பரப்பினார்கள். லீட்ஸ் நகரில் பிறந்த பெரில் பர்ட்டன் என்ற பெண், காய்கறிப் பண்ணையில் உடலுழைப்பு செய்தவர். அவர் 1967-ல் 12 மணி நேரத்தில் சுமார் 446 கிலோமீட்டர் ஓட்டினார். அன்று வரை பிரிட்டனில் எந்த ஆணும் 12 மணி நேரத்தில் அவ்வளவு தூரம் ஓட்டியதில்லை!

ஆகவே பந்தயத்தை நாம் எதிர்க்கவில்லை. டிக்கெட் இல்லாமல் ஏழையும் பார்க்கக்கூடிய விளையாட்டு அது. நமது கேள்வி வேறு: செலவு யாருடையது? வரவு யாருக்கு?

பந்தயத்தின் சொந்தக்காரர் ஒரு தனியார் கம்பெனி. பந்தயம் தங்கள் ஊருக்கு வர வேண்டுமானால் அந்தந்த ஊர்கள்தான் பணம் கட்ட வேண்டும். பிரிட்டிஷ் சர்க்கார் 1 கோடி பவுன் வரை தருவதாக ஏற்றது. நகர சபைகளும் தம் பங்கைக் கொடுத்தன. 2010 முதல் சிக்கனம் என்ற பெயரில் மானியம் வெட்டப்பட்டு வந்த அதே நகர சபைகள்தான்! ஆயிரக்கணக்கான தொண்டர்கள் கூலியின்றி வேலை செய்தார்கள்.

பிரதேசத்துக்கு 10 கோடி பவுனுக்கு மேல் ஆதாயம் என்று நடத்தியவர்கள் அறிக்கை விட்டார்கள். இருக்கட்டும். அது ஓட்டல் முதலாளியின் பெட்டிக்குப் போயிற்றா, அறை பெருக்கும் பெண்ணின் சம்பளத்தில் சேர்ந்ததா?

மறு ஆண்டு, 2015 டிசம்பரில், அதே யார்க்ஷயரில் கெல்லிங்லி சுரங்கம் மூடப்பட்டது. பிரிட்டனின் கடைசி ஆழ் நிலக்கரிச் சுரங்கம் அது. சுமார் 450 தொழிலாளிகள் வெளியே வந்தார்கள். இரண்டு நாள் திருவிழாவுக்குப் பணம் கண்டெடுத்த சர்க்கார், இதைத் தடுக்கவில்லை.

பந்தயத்தைக் கொண்டுவந்த சுற்றுலா அமைப்பின் கதை என்ன? பொதுப் பணமும் பெற்று வந்த அந்த அமைப்பின் தலைமை அதிகாரி, செலவுக் கணக்கு பற்றிய சர்ச்சைக்கு நடுவே 2019-ல் பதவி விலகினார். 2022-ல் அமைப்பே நொடித்துப் போயிற்று. பந்தயத்தின் நினைவாக 2015-ல் தொடங்கிய 'டூர் டி யார்க்ஷயர்' 2019-க்குப் பிறகு நடக்கவில்லை.

"ஊருக்குப் பெயர் கிடைத்ததே!" என்பார்கள். பெயர் உலை வைக்குமா?

எந்த ஊருக்குப் பந்தயம் வந்தாலும் உழைப்பாளி மக்கள் மூன்று கோரிக்கைகளை முன்வைக்க வேண்டும். பொதுப் பணத்தின் ஒவ்வொரு காசுக்கும் பகிரங்கக் கணக்கு வேண்டும். வேலை செய்தவருக்குக் கூலி வேண்டும். பந்தயத்துக்காகச் செப்பனிடும் சாலைகளைப் போலவே, மில்லுக்கும் வயலுக்கும் சைக்கிளில் போகிறவனின் சாலையையும் செப்பனிட வேண்டும்.

கைதட்டுவோம். கணக்கும் கேட்போம்!