பாங்குக்கு முன் அணையும் அடுப்பு



ரமளான் பிறந்துவிட்டால், உற்றாரையும் அண்டை அயலாரையும் அழைத்து நோன்பு திறக்கச் செய்யும் ஆவல் நம் இல்லங்களில் பெருகிவிடுகிறது. போற்றத்தக்க ஆவல்தான். ஆனால், ஐம்பது பேர் கூடும் அந்த மாலையில் வீட்டுப் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பாங்கு ஒலிக்கிறது. கூடத்தில் அனைவரும் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுக்கின்றனர். அவர்களைப் போலவே பகல் முழுதும் பசித்திருந்த இல்லத்தரசியோ, ஒரு மிடறு தண்ணீரோடு வாணலியின் முன் நிற்கிறார். துஆவுக்குரிய அந்நேரம் அவருக்கு மட்டும் எண்ணெய்ப் புகையில் கழிந்துவிடுகிறது.

இந்நிலை மாற வேண்டுமெனில், சமையலை ஒரே மாலையில் குவிக்காமல் முந்திய இரவுக்கும் மறுநாளுக்குமாகப் பங்கிட வேண்டும்.

தராவீஹ் முடிந்தபின் இறைச்சி ஆணத்தையும் தாளிச்சாவையும் ஆக்கி இறக்கிவிடலாம். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. நோன்புப் பகலில் சமைப்பவர், உப்பை நுனிநாக்கில் பார்த்து உமிழ்ந்துவிட அனுமதி இருந்தும் தயங்குவார். இரவிலோ தாராளமாக ருசி பார்க்கலாம். சமோசாவுக்குரிய கைமாவை வதக்கி, ஆறியதும் மடித்து, பொரிக்காமல் ஃப்ரீசரில் அடுக்கலாம். கடல்பாசியைக் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றிவிட்டால் மறுநாள் துண்டு போடுவது மட்டுமே வேலை.

ஆக்கியதைக் காப்பதில்தான் கவனம் வேண்டும். சமைத்த உணவை அறைவெப்பத்தில் 2 மணி நேரத்திற்கு மேல் விட்டுவைக்கலாகாது. குளிர வைப்பதாயின் 5 பாகைக்குக் கீழும், சூடாக வைப்பதாயின் 60 பாகைக்கு மேலும் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பெரிய தேக்சாவில் உள்ள ஆணம் விடியும்வரை வெதுவெதுப்பாகவே கிடக்கும். கிருமிகள் பெருகுவதற்கு அதுவே போதும். ஆகவே அகன்ற, ஆழமற்ற பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, குளிர்ந்த நீர் நிறைந்த தாம்பாளத்தில் வைத்து ஆற்றி, தாமதமின்றிக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். உங்கள் பெட்டியில் இடம் போதாதெனில் அண்டை வீட்டாரிடம் கேளுங்கள், விருந்துக்கு வருபவர்கள்தாமே!

சோற்றை மட்டும் முந்திய நாளே ஆக்காதீர்கள். அரிசியில் இயல்பாகவே இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் கொதிக்கும் நீரிலும் பிழைத்துக்கொள்ளும். சோறு நெடுநேரம் ஆறிக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். மீண்டும் சூடாக்கினாலும் அந்நஞ்சு அழிவதில்லை.

இனி, விருந்து நாள். பெண்களும் சிறுவர்களும் கலந்த ஐம்பது பேருக்கு 5 அல்லது 6 கிலோ அரிசி போதும். அஸர் தொழுதபின் நெய்ச்சோற்றைத் தம்மில் போடுங்கள். கஞ்சி மறு அடுப்பில் காயட்டும். மக்ரிபுக்கு ஒரு மணி நேரம் முன் ஆணத்தைத் தளதளவெனக் கொதிக்க வைத்து, இறுக மூடி, கனலின் மேலோ வெந்நீர்த் தொட்டியிலோ வையுங்கள். இறுதியாகச் சமோசாவைப் பொரித்தெடுங்கள். பாங்குக்குக் கால் மணி நேரம் முன்பே அடுப்பு அணைந்துவிட வேண்டும்.

நோன்பு திறக்கும் விருந்துக்கு ஓர் இயல்பான வசதி உண்டு. முதலில் பேரீச்சை, தண்ணீர், கஞ்சி, சமோசா, பிறகு தொழுகை, அதன் பின்னரே சோறு. அந்த இடைவெளியில் மேசையைச் சீர்செய்யலாம். முதலில் தட்டு, அடுத்துச் சோறு, பின் ஆணம், தாளிச்சா, கடைசியில் கடல்பாசி என ஒரே திசையில் வையுங்கள். தண்ணீர் வேறொரு மூலையில் இருந்தால் நெரிசல் குறையும். அனைத்தையும் ஒரேயடியாகப் பரப்பாமல், குறையக் குறைய நிரப்புங்கள்; கை படாத உணவு மிஞ்சினால் உடனே ஏழை வீடுகளுக்கு அனுப்பலாம். முதியோருக்கு அமர்ந்த இடத்திலேயே பரிமாறுங்கள். ஏனையோர் தாமே எடுத்துக்கொள்ளட்டும்.

இல்லத்தின் ஆண்மக்களே! அழைப்பு விடுப்பது நீங்கள். முந்திய இரவில் வெங்காயம் உரிப்பதும், மாலையில் மேசை போடுவதும், விருந்து முடிந்தபின் தேக்சா கழுவுவதும் உங்கள் கைக்கு இழுக்கல்ல. நீங்கள் அழைத்த ஐம்பது பேரோடு, உங்களுக்காகச் சமைத்தவரும் அமர்ந்து நோன்பு திறக்கட்டும். இன்ஷா அல்லாஹ், அடுத்த அழைப்பிலேயே இதனைச் செய்து பாருங்கள்.