விமானத்துக்கு வைக்கோல்: நெல், கரும்பு உழவர்களின் கோரிக்கைச் சாசனம்

நாங்கள் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறையில் நெல் விளைவிப்பவர்கள். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சியில் கரும்பு போடுபவர்கள். வைக்கோல் கட்டுபவர்கள், அதை லாரியில் ஏற்றுபவர்கள். வெளிநாடு செல்லும் விமானங்களின் எரிபொருளில் 2027இல் 1 விழுக்காடும், 2028இல் 2 விழுக்காடும் பசுமை எரிபொருள் கலக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு 2023இலேயே இலக்கு வைத்தது. அதற்கான சரக்கு எங்கள் வயலில் கிடக்கிறது. வழியும் தெரிந்ததுதான். வைக்கோலை நொதிக்க வைத்து எத்தனால் (ஊர்ப்பேச்சில் சாராயம்) எடுத்து, அதை விமான எரிபொருளாக மாற்றலாம். ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பதற்கான ஆலை ஹரியானாவின் பானிப்பட்டில் 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 2023 மே 19 அன்று கரும்பு மொலாசஸிலிருந்து செய்த எரிபொருளைக் கலந்து புனேயிலிருந்து டெல்லிக்குப் பயணிகள் விமானமே பறந்தது. இத்தகைய ஆலை எங்கள் பக்கம் வர ஏன் இத்தனை தாமதம்?

முதலில் மிஞ்சும் வைக்கோலை ஊராட்சிவாரியாகக் கணக்கெடுங்கள். வைக்கோலைக் கழிவாகப் பார்க்கும் பஞ்சாப் கணக்கை இங்கே கொண்டுவந்து ஒட்ட வேண்டாம். எங்களுக்கு வைக்கோல் கழிவல்ல, மாட்டுத் தீனி. மாட்டுக்குப் போக, மண்ணுக்குப் போக, மிஞ்சுவது எவ்வளவு என்பதே கேள்வி. குறுவை அறுவடையில் மழை நனைத்துக் கறுத்துப்போன வைக்கோலை மாடு முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பெல்ட் அறுவடை வண்டி சேற்றில் மிதித்த வைக்கோலும் அப்படித்தான். ஆலையின் அளவை முடிவு செய்துவிட்டு வைக்கோலைத் தேடினால் தீவன விலைதான் ஏறும். அடுத்த குறுவை அறுவடையோடு இந்தக் கணக்கு முடிய வேண்டும்.

காய்ந்த இலையான கரும்புச் சோகையிலிருந்து தொடங்குங்கள். வெட்டு முடிந்ததும் மறுதாம்புக்கு வழிவிட வேண்டுமென்று பல தோட்டங்களில் சோகைக்குத் தீ வைக்கிறோம். கொளுத்த வேண்டும் என்ற ஆசையால் அல்ல, எடுத்துப் போக ஆள் இல்லாததால். சர்க்கரை ஆலைக்கு வண்டி ஏற்கெனவே போய்வருகிறது, எடைமேடை இருக்கிறது, பல ஆலைகளில் வடிசாலையும் இருக்கிறது. கரும்போடு சோகையையும் எடை போட்டு வாங்கும் ஏற்பாடு வரும் அரவைப் பருவத்திலேயே வேண்டும்.

விலையை அறுவடைக்கு முன்பே அறிவியுங்கள். பணத்தை 14 நாளில் கொடுங்கள். இது புதுச் சட்டம் எதுவும் அல்ல. 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையே கரும்புக்கு 14 நாள் கெடு வைத்து, தாமதத்துக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டியும் விதித்திருக்கிறது. அதே விதி சோகைக்கும் வைக்கோலுக்கும் எழுத்தில் வர வேண்டும். கரும்புப் பண நிலுவைக்காக ஆலை வாசலில் உட்கார்ந்த அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு. இன்னொரு வாசலில் உட்கார எங்களுக்கு நேரமில்லை.

வைக்கோல் கட்டும் இயந்திரங்களைக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக வாடகைக்குக் கொடுங்கள். சம்பா, தாளடி அறுப்புக்கு முன்னரே வயலில் உளுந்து, பயறு தெளித்துவிடுவோம். அறுத்த சில நாளில் வைக்கோல் வெளியேறாவிட்டால், பிறகு வரும் வண்டி முளைத்த உளுந்தை நசுக்கிவிடும். தனியார் இயந்திரம் எங்கள் முறைக்கு வந்து சேர்வதற்குள் அந்த நாட்கள் போய்விடுகின்றன. கட்டிய வைக்கோலை வைக்க, குடியிருப்பிலிருந்து தள்ளி, தண்ணீர்த் தொட்டியோடு மேடான கிடங்குகளும் வேண்டும். அறுவடை சில வாரங்களே. ஆலையோ ஆண்டு முழுதும் ஓட வேண்டும்.

வைக்கோல் லாரி போகும் பாதைகளில் தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகளை உயர்த்துங்கள். கம்பி உரசி லாரி எரிந்தது என்ற செய்தி எங்களுக்குப் பழகிப்போய்விட்டது. இதற்கு விமான எரிபொருள் ஆலை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வரும் தை மாதத்துக்குள் முடிகிற வேலை.

ஆலைக்காக விளைநிலத்தில் ஒரு குழிகூடக் கேட்காதீர்கள். காவிரி டெல்டா 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். எத்தனாலை விமான எரிபொருளாக்கும் பிரிவை, சுத்திகரிப்பு ஆலை இருக்கும் சென்னை மணலியிலோ, சுத்திகரிப்பு ஆலைக்கென்று ஏற்கெனவே நிலம் எடுத்த நாகை பனங்குடியிலோ அமையுங்கள். எங்கள் நிலத்தடி நீரைத் தொடாமல் ஆலை ஓடும் என்பதை உரிமம் தரும் முன் எழுத்தில் காட்டுங்கள்.

வைக்கோலோடு போவதைத் திருப்பித் தாருங்கள். நெற்பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் இருக்கிறது. ஆலையில் மிஞ்சும் கசடைச் சோதித்து, உரமாக்கி, வைக்கோல் கொடுத்த ஊருக்கே இலவசமாக அனுப்ப வேண்டும். எரிபொருள் எந்த வயலிலிருந்து வந்தது என்று காட்டும் சான்றிதழுக்கான செலவும் ஆலையுடையதே. அந்தத் தாள்கள் தமிழில் இருக்கட்டும். படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டோம்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் பொறுப்பான அதிகாரி யார், எந்தத் தேதிக்குள் முடிப்பார் என்பதை முப்பது நாளில் எங்கள் ஊராட்சி அலுவலகச் சுவர்களில் எழுதி ஒட்டுங்கள். முப்பத்தொன்றாம் நாள் அந்தச் சுவரைப் பார்க்க வருவோம்.