நான்கு திருத்தங்களும் ஒரு டி-ஷர்ட்டும்

2020 அக்டோபரில் திறமூலத் திட்டங்கள் பலவற்றின் பராமரிப்பாளர்கள் குப்பை அள்ளிக்கொண்டிருந்தனர். நான்கு திருத்தங்கள் அனுப்பினால் டி-ஷர்ட் என்ற ஹாக்டோபர்ஃபெஸ்ட் அறிவிப்பைக் கண்டு, அறிமுகக் கோப்பில் ஒரு பெயரடையைச் செருகி அனுப்பியோர் அத்தனை பேர். சில நாள்களிலேயே, தாமாக இசைந்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று விதியை மாற்ற நேர்ந்தது. மாணவரைப் பழிப்பது எளிது. எண்ணிக்கையைத் தகுதியாக்கும் கல்லூரிகளை யார் கேட்பது?

தானியங்கிச் சோதனை எழுதுவது கடைநிலை வேலை என்ற எண்ணமும் அங்கேதான் ஊட்டப்படுகிறது. உண்மையில் அது எதிர்ச்சான்று தேடும் வேலை. மொழியியல் மாணவருக்கு நன்கு பழகியது. 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம், மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே; பைத்தானின் ஒப்பீட்டுக்கு வெவ்வேறு. 'கொடி' என்று தேடுபவருக்குச் சில ஆவணங்கள் அகப்படாமலே போகும். இயல்பாக்கத்துக்குப் பின் இரண்டும் ஒன்றாக வேண்டும் என்பதைப் பைடெஸ்டில் எழுத நான்கைந்து வரிகள் போதும்.

அதற்கு முன், பெரும்பாலோர் தவிர்க்கும் ஒரு வேலை உண்டு: திட்டத்தில் ஏற்கெனவே உள்ள சோதனைகளைத் தம் கணினியில் ஓட்டிப் பார்ப்பது. எது தோற்றது, எந்தப் பதிப்பில், ஒவ்வொரு முறையுமா, சில வேளை மட்டுமா? பிழையைத் திருத்தத் தெரியாவிட்டாலும், தோற்கும் சோதனைக்கு 'எக்ஸ்ஃபெயில்' குறியிட்டு அனுப்பலாம்.

மதிப்பெண் தர விரும்பும் துறைகள், ஏற்கப்பட்ட ஒரே ஒரு சோதனையையும் அதன்மேல் நடந்த விவாதத்தையும் வாசிக்கட்டும். ஆசிரியர்களுக்கு நேரமில்லை என்பார்கள். ஊதியமற்ற பராமரிப்பாளர்களுக்கு மட்டும் அது எங்கிருந்து வந்தது?