முள்ளைப் பார்த்து முறை சொல்லாதீர்கள்

 

சவூதியிலோ குவைத்திலோ தொழில் புரியும் உங்கள் வீட்டவர் யாராவது, "இரவில் தோட்டத்துப் பக்கம் சின்னதாக ஒரு முள்ளம்பன்றிக் குட்டியைக் கண்டேன். கிட்டப் போனதும் பந்து போலச் சுருண்டு விட்டது" என்று உங்களுக்குச் சொல்லியிருக்கக் கூடும். அவர் கண்டது முள்ளம்பன்றியின் குட்டியல்ல. அறபிகள் 'குன்ஃபுத்' என்று அழைக்கும் முள்ளெலி. முழுவதும் வளர்ந்த பின்னரும் அது இரண்டு கைகளுக்குள் அடங்கி விடும்.

முள்ளெலி நமது இலங்கையில் வாழும் பிராணியன்று. தமிழ்நாட்டின் வரண்ட பகுதிகளில் ஓரினம் உண்டு. நம் காடுகளில் இருப்பது முள்ளம்பன்றி மட்டுமே. அதனால் நாம் தெரிந்த பிராணியின் பெயரைத் தெரியாத பிராணிக்குச் சூட்டி விடுகிறோம். இதற்காக நாம் வெட்கப்படத் தேவையில்லை. பதினான்காம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த அறிஞர் அத்தமீரி, விலங்குகள் பற்றிய தமது பெரும் நூலில் முள்ளம்பன்றியைப் பெரிய வகைக் குன்ஃபுத்தாகவே குறித்தார். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் விலங்குகளை வகைப்படுத்தியபோது முள்ளெலியையும் பன்றியையும் ஒரே வருணத்தில் சேர்த்து விட்டார். கண்ணால் பார்த்து உறவு சொல்லும்போது பெரிய அறிஞர்களுக்கும் தவறு நேர்ந்திருக்கிறது.

அப்படியானால் முள்ளெலி யார்? பெயரில் எலி இருந்தாலும் அது எலியன்று. முள்ளம்பன்றிதான் உண்மையில் எலிக்கும் அணிலுக்கும் உறவு. அதன் வாயைத் திறந்து பார்த்தால் முன்னே உளி போன்ற நீண்ட பற்கள் தெரியும். தேயத் தேய வளர்ந்து கொண்டே இருக்கும் அந்தப் பற்களால் அது கிழங்கையும் மரப்பட்டையையும் கொறிக்கும். அதற்கு மொத்தம் 20 பற்கள். ஐரோப்பிய முள்ளெலிக்கோ 36 பற்கள். அவை சிறியவை, கூரானவை. வண்டையும் புழுவையும் பிடித்து மெல்வதற்கு ஏற்றவை.

முள்ளிலும் வேறுபாடு உண்டு. முள்ளம்பன்றியின் முள் முழம் நீளம் வரை வளரும், இலேசாகக் கழன்று எதிரியின் உடலில் தைத்து விடும். முள்ளெலியின் முட்கள் இரண்டு மூன்று சென்ரிமீற்றர்தான், அவ்வளவு இலேசில் கழராது. ஒரு முள்ளெலியில் சுமார் 5,000 முட்கள் இருக்கும். அதன் தோலுக்கடியில் வளையமாக ஒரு தசை ஓடுகிறது. நம் மூத்தம்மாமார் இடுப்பில் செருகி வைத்த சுருக்குப் பையின் கயிற்றைப் போல அத்தசை இழுபட்டதும் தலை, கால், வயிறு எல்லாம் உள்ளே போய் விடும். முள்ளம்பன்றியால் இப்படிச் சுருள முடியாது.

முள் உள்ள பிராணிகள் இவை இரண்டு மாத்திரமல்ல. அவுஸ்திரேலியாவில் எக்கிட்னா என்றொரு பிராணி. உடம்பு முழுக்க முள். ஆனால் அது முட்டையிட்டு, பொரித்த குஞ்சுக்குப் பாலூட்டுகிறது! மடகஸ்கார் தீவில் டென்ரெக் என்றொரு பிராணி. அதில் சில வகைகள் முள்ளெலியைப் போலவே முள் கொண்டவை, அதைப் போலவே சுருளவும் செய்யும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் என்றே சொல்வீர்கள். விஞ்ஞானிகளும் நீண்ட காலம் இரண்டையும் பூச்சியுண்ணிகள் என்ற ஒரே வருணத்தில் வைத்திருந்தார்கள். 1998ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இதை மாற்றியது. டென்ரெக்கின் உறவினர் முள்ளெலியல்ல. யானையும், மன்னார்க் கடலில் வாழும் கடற்பசுவுமே அதற்கு அதனிலும் நெருங்கிய உறவு என்று அந்த ஆய்வு காட்டியது. ஸுப்ஹானல்லாஹ்!

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்பீர்கள். அச்சு இயந்திரம் பரவுவதற்கு முன் நமது அறபுத்தமிழ்ப் பாடல்களைக் கையால்தான் பிரதி எடுத்தார்கள். பிரதி எடுப்பவர் ஓரிடத்தில் ஓர் எழுத்தைத் தவறவிட்டால், அதைப் பார்த்து எழுதியவர்களின் பிரதிகளிலெல்லாம் அந்தப் பிழை தொடரும். ஆகவே காலியில் கிடைத்த பிரதியிலும் காத்தான்குடியில் கிடைத்த பிரதியிலும் ஒரே இடங்களில் ஒரே பிழைகள் இருந்தால், இரண்டும் ஒரே மூலப் பிரதியிலிருந்து வந்தவை என்று சொல்லி விடலாம். அட்டையின் நிறம் எப்படி இருந்தாலும் சரியே. உயிர்களின் கலங்களுக்குள் இருக்கும் டி.என்.ஏ. என்பதும் தலைமுறை தலைமுறையாகப் பிரதி எடுக்கப்படும் ஓர் ஏடுதான். அதில் ஏற்பட்ட மாற்றங்களை ஒப்பிட்டுத்தான் எது எதற்கு உறவு என்று இன்று சொல்கிறார்கள்.

கலியாண வீட்டில் ஒரே நிறத்தில் சாரி உடுத்தி வரும் இருவரை உடன்பிறந்தவர்கள் என்று நாம் முடிவு செய்வதில்லை. முள்ளும் சாரியைப் போன்றதே. நிலத்தில் மெதுவாக நடந்து இரை தேடும் சிறு பிராணிக்கு ஒரு காவல் தேவை. தேவை ஒன்றாக இருந்ததால் தொடர்பில்லாத குடும்பங்களில் தனித்தனியாக முள் தோன்றியிருக்கிறது. அது பிழைப்பைக் காட்டுமே தவிரப் பிறப்பைக் காட்டாது.

உண்மையான உறவினர் எப்படி இருப்பார்கள் தெரியுமா? மலேசியக் காடுகளிலும் சுமாத்திராவிலும் போர்னியோவிலும் ஒரு பிராணி உண்டு. சொரசொரப்பான உரோமம், நீண்ட மூக்கு, செதில் படிந்த வால், மூக்கைத் துளைக்கும் நாற்றம். பெரிய எலி என்றே எண்ணத் தோன்றும். உடம்பில் ஒரு முள்ளும் கிடையாது. ஆனால் அதுதான் முள்ளெலியின் சொந்தக் குடும்பம்.

அடுத்த உறவினரைத் தேடி நீங்கள் மலேசியா போக வேண்டியதில்லை. உங்கள் குசினியிலேயே இருக்கிறார். இரவில் சுவரோரமாகக் கீச்சிட்டு ஓடும் மூஞ்சூறுதான் அவர்! நீண்ட மூக்கு, குன்றிமணி போன்ற கண்கள், கூரான சிறு பற்கள். அதுவும் எலியன்று. முள்ளெலி, மூஞ்சூறு, மண்ணுக்குள் வாழும் அகழெலி, கியூபாப் பக்கத்துத் தீவுகளில் வாழும் சொலனோடன் ஆகியவை ஒரே வருணத்தைச் சேர்ந்தவை. இவற்றின் மூதாதையர் பிரிந்து பல கோடி ஆண்டுகளாகி விட்டன. நம் நாடு மூஞ்சூறு இனங்களுக்குப் பேர்பெற்றது. சிங்கராஜக் காட்டிலிருந்து 2007ஆம் ஆண்டில் கூட ஒரு புதிய இனம் உலகுக்கு அறிமுகமானது.

இனி ஒரு விடயத்தை மனம்விட்டுப் பேசுவோம். இவையெல்லாம் பாடசாலை உயிரியலில் 'கூர்ப்பு' என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. அச்சொல்லைக் கண்டதும் பிள்ளையின் புத்தகத்தை மூடச் சொல்லும் உம்மாமார் நம்மிடையே உண்டு. அவர்களின் அச்சம் விளங்குகிறது. ஆதம் (அலை) அவர்களின் படைப்பை நாம் அல்குர்ஆனிலிருந்து அறிந்து ஈமான் கொண்டிருக்கிறோம். அந்த ஈமான் முள்ளெலியின் பல்லை எண்ணிப் பார்ப்பதால் அசைந்து விடுமா? படைப்புகளைச் சிந்தித்துப் பாருங்கள் என்றல்லவா அல்குர்ஆன் மீண்டும் மீண்டும் நம்மைத் தூண்டுகிறது! புத்தகத்தை மூடலாம், பிள்ளையின் கேள்வியை மூட முடியாது. அது வேறு யாரிடமோ போய்க் கேட்கப்படும். அதை விட, "வா மகள், இரண்டு பேரும் சேர்ந்து படிப்போம்" என்று பக்கத்தில் அமர்வது மேலல்லவா? விளங்காததை ஆசிரியையிடம் கேட்கலாம். மார்க்கம் பற்றிய ஐயத்தை ஆலிமிடம் கேட்கலாம். கேட்பதற்கு அஞ்சாத பிள்ளை, உம்மாவிடம் எதையும் மறைக்காது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த முறை குசினியில் மூஞ்சூறைக் கண்டால், எலி என்று தும்புத்தடியை ஓங்காதீர்கள், நஞ்சு வைக்காதீர்கள். அது கரப்பானையும் பூச்சிகளையும் தின்று திரிவது. வாடை பிடிக்காவிட்டால் கதவைத் திறந்து வெளியே போக வழிவிடுங்கள். கையால் தொட வேண்டாம், உணவுப் பாத்திரங்களை மூடி வையுங்கள், அது போதும். குட்டிகளோடு போனால் சற்று நின்று பாருங்கள். தாயின் வாலடியை ஒரு குட்டி கவ்வ, அதன் பின்புறத்தை அடுத்தது கவ்வ, கோச்சிப் பெட்டிகள் போல வரிசையாக ஓடும். அதைப் பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுங்கள். முள்ளெலியைக் காணாத நம் நாட்டுப் பிள்ளைகள் அதன் உறவினரையாவது கண்டு கொள்ளட்டும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.