கைவேலைப் படிப்பும் குலவேலைப் படிப்பும்

சென்ற மாதம் ஒரு பிரசாரக் கூட்டத்திற்காக நெய்வேலிக்குப் போயிருந்த சமயம், டவுன்ஷிப்பை ஒட்டிய ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி நடப்பதாகத் தோழர்கள் சொல்ல, அதையும் போய்ப் பார்த்தோம். பள்ளிக்கூடத்தின் பேர் இங்கு வேண்டியதில்லை. நாம் சொல்லப்போவது அந்த ஒரு பள்ளிக்கூடத்தின் குற்றமல்ல. அநேகமாய் நாடு முழுவதற்கும் பொருந்தும் சங்கதியேயாகும்.

முதல் பரிசு ஒரு அனல் மின்நிலையத்திற்குக் கிடைத்தது. தெர்மாகோலில் செய்து, புகைபோக்கிக்குச் சிவப்பும் வெள்ளையும் பூசி, பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும்படி வைத்திருந்தார்கள். பார்ப்பதற்கு வெகு அழகு. "தம்பி, கரி எரிந்தால் விளக்கு எப்படி எரிகிறது?" என்று கேட்டோம். பையன் நாலு வரியை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். "நீராவி எதைச் சுற்றுகிறது?" என்று நடுவில் நிறுத்திக் கேட்டதும் மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தான். மந்திரம் சொல்லும் புரோகிதரை நடுவில் நிறுத்தினால் அவருக்கும் இதே கதிதான். பிறகு, அது கடையில் விலைக்கு வாங்கியதென்றும், ஒட்டியது அப்பா என்றும் அவனே மறைக்காமல் சொல்லிவிட்டான். அவன்பேரில் நமக்குக் கோபமில்லை.

மூலையில் ஒரு சிறு பெண் நின்றாள். எட்டாம் வகுப்பு; தகப்பனார் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. அவளிடம் இருந்தது வாயகன்ற ஒரு பிளாஸ்டிக் பாட்டில், அதனுள் மணல், மணலுக்கு மேல் அழுத்தி அப்பிய களிமண், மணலுக்குள் போகும் ஒரு ரப்பர் குழாய், குழாயின் மறுமுனையில் உயரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்ணீர்ப் புட்டி, இவ்வளவே. களிமண்ணைக் கரண்டியால் சுரண்டச் சுரண்ட, அது மெலிந்த இடத்தில் தண்ணீர் பீறிக்கொண்டு மேலே வந்தது. "இதுதாங்க ஐயா சுரங்கம். கரிக்குக் கீழே இருக்கிற தண்ணி மேலே தள்ளிக்கிட்டே இருக்கும். அதை எடுக்காம கரியைத் தோண்டினா தரை இப்படித்தான் உடைஞ்சு வரும். அதுக்குத்தான் ராவும் பகலும் மோட்டார் ஓடுது" என்றாள். எத்தனை தடவை செய்து பார்த்தாய் என்றோம். "நாலு பாட்டில் போச்சுங்க. முதல்ல மேலேயும் மணலைப் போட்டேன், சும்மா ஊறிச்சு. களிமண்ணு அடைச்சுக்கிட்டாத்தான் அழுத்தம் நிக்கும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது."

இந்தப் பெண்ணுக்குப் பரிசில்லை. ஏன் என்று ஓர் உபாத்தியாயரைக் கேட்டதற்கு, வர்ணம் பூசவில்லை, சார்ட்டு எழுதவில்லை, மேசையெல்லாம் சேறு என்றார். பாவம், அவர் என்ன செய்வார்! அவரையும் அப்படித்தானே படிக்க வைத்தார்கள்?

நெய்வேலி என்கிற ஊரே அந்தப் பெண் செய்த மாதிரி வேலையால் உண்டானதாகும். 1935-வாக்கில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தமது நிலத்தில் தண்ணீரோடு கருப்பாய் ஏதோ வருவதைக் கண்டார். அம்மன் கோபம் என்று சொல்லிப் பொங்கல் வைத்திருந்தால் நாட்டில் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ, இது என்ன பொருள் என்று கேட்டார், சர்க்காருக்கும் தெரியப்படுத்தினார். 1957-ல் சுரங்கவேலை தொடங்கி, 1961-ல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. இடையில் நின்ற பெரிய தடை, அந்தப் பெண் பாட்டிலுக்குள் காட்டிய அதே தண்ணீர்தான்.

இவ்விதப் படிப்புக்கு இப்போது "டிசைன் திங்கிங்" என்று பேர் சொல்லுகிறார்கள். வடிவமைப்புச் சிந்தனை என்று தமிழில் சொல்லலாம். யாருக்கு என்ன கஷ்டம் என்று நேரில் போய்க் கேட்பது. கஷ்டத்தின் காரணம் இன்னதென்று நிர்ணயிப்பது. பல வழிகளை யோசிப்பது. கையில் கிடைத்ததைக் கொண்டு ஒரு மாதிரி செய்வது. அது கெட்டால் ஏன் கெட்டதென்று பார்த்துத் திரும்பச் செய்வது. பேர்தான் புதிது. ஜான் டூயி 1896-லேயே சிக்காகோவில் பள்ளிக்கூடம் வைத்துப் பிள்ளைகளைச் சமைக்கவும் நெய்யவும் மரவேலை செய்யவும் விட்டு, அதிலிருந்தே கணக்கையும் விஞ்ஞானத்தையும் கற்றுக்கொடுத்தார். நாமும் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவரே. ஒரு டி.வி. ரிப்பேர் கடையில் கை சுட்டுக்கொண்டு கற்றதுதான் இன்றைக்கும் நினைவில் நிற்கிறதேயொழிய, வகுப்பில் ஒப்பித்தது ஒன்றும் நிற்கவில்லை.

இங்கே நம் தோழர்கள் சிலருக்கு ஒரு சந்தேகம் வருகிறது. "பள்ளிக்கூடத்தில் கைவேலை என்கிறீர்களே, இது குலக்கல்வியல்லவா? எதை எதிர்த்தோமோ அதையே கேட்கலாமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான சந்தேகம்.

1953-ல் தோழர் ராஜகோபாலாச்சாரியார் சென்னை மாகாணத்தில் கொண்டுவந்த திட்டம் என்ன? கிராமத்துப் பிள்ளை பாதி நேரம் பள்ளியில் படிக்கவேண்டியது. மீதி நேரம் தகப்பன் தொழிலைப் பழகவேண்டியது. வண்ணான் பிள்ளை வெளுக்கவேண்டும், செருப்புத் தைப்பவர் பிள்ளை தைக்கவேண்டும். குருக்கள் பிள்ளையோ மணியாட்டினால் போதும். பெருங் கிளர்ச்சி நடந்தது. 1954-ல் அவர் பதவியை விட்டார். காமராசர் வந்து திட்டத்தை ஒழித்தார். 2023-ல் மத்திய சர்க்கார் "விஸ்வகர்மா" என்று ஒரு திட்டம் கொண்டுவந்தபோது, குடும்பத் தொழில் என்ற நிபந்தனை அதில் இருந்ததால்தான் தமிழ்நாடு அதை ஏற்க மறுத்தது. அது சரியே.

ஆனால் குலக்கல்வியில் குற்றம் எது? கையால் வேலை செய்வதா? இல்லவே இல்லை. இன்னார் பிள்ளை இன்ன வேலைதான் என்பதும், அந்த வேலையை அப்பன் செய்தபடியே ஏன் என்று கேளாமல் செய் என்பதுமே குற்றம். சாக்கடையை எடுத்துக்கொள்வோம். குலவேலைப் படிப்பு அதில் இறங்குகிறவன் மகனுக்கு எப்படி இறங்குவது என்று கற்றுக்கொடுக்கும். கைவேலைப் படிப்போ, கலெக்டர் பிள்ளையையும் அந்த மகனையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, மனிதன் ஏன் இறங்கவேண்டும் என்று கேட்கச் சொல்லும். கேரளத்தில் சில இளம் இஞ்சினீயர்கள் இப்படிக் கேட்டதன் பலனாகவே "பாண்டிகூட்" என்ற இயந்திரம் வந்து, 2018-ல் திருவனந்தபுரத்துச் சாக்கடைக் குழிகளில் இறங்கியது. முன்னது மகனைக் குழிக்கு அனுப்புகிறது. பின்னது குழியிலிருந்து தகப்பனையும் வெளியே எடுக்கிறது. இரண்டையும் ஒன்றென்று எண்ணி, கைவேலை என்ற சொல்லைக் கேட்டதும் நாம் மிரண்டால், நம் பிள்ளைகளுக்கு ஒப்பிக்கும் படிப்பும், வசதியுள்ளவர் பிள்ளைகளுக்குச் செய்து பார்க்கும் படிப்பும் என்று ஆகிவிடும். இப்போதே பாதி ஆகிவிட்டது. பெரிய கட்டணப் பள்ளிகளில் டிசைன் திங்கிங்குக்குத் தனி அறை வைத்து விளம்பரமும் செய்கிறார்கள்.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்த செயல்வழிக் கற்றல் பிறகு மாகாணமெங்கும் போயிற்று. 2016 முதல் மத்திய சர்க்கார் தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு 20 லட்ச ரூபாய் வீதம் கொடுத்து அடல் ஆய்வகங்கள் வைக்கிறது. 2022-ல் தமிழ்நாட்டு அரசு வானவில் மன்றம் தொடங்கியது. எல்லாம் நல்லதே. ஆனால் ஒன்பதாம் வகுப்பு வந்ததும் பரீட்சைப் பூதம் வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. வருஷமெல்லாம் பூட்டிக் கிடக்கும் மைக்ராஸ்கோப்பு ஆயுத பூசையன்று வெளியே வந்து, சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டு மறுபடி அலமாரிக்குள் போகும் பள்ளிகளை நாமே கண்டிருக்கிறோம். கண்ணாடியில் ஒட்டிய குங்குமத்தைத் துடைக்கவும் ஆளில்லை!

பரீட்சையை மாற்றாமல் வகுப்பை மட்டும் மாற்றுவது பயன்படாது. மத்தியப் பிரதேசத்து ஹோசங்காபாத் ஜில்லாவில் 1972-ல் 16 பள்ளிகளில் செய்துபார்த்துப் படிக்கும் விஞ்ஞானம் ஆரம்பித்தவர்கள் இதை அறிந்திருந்தார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே பரீட்சை எழுதலாம், சோதனையும் செய்து காட்டவேண்டும் என்று வைத்தார்கள். 30 வருஷம் நடந்த அந்த ஏற்பாட்டை 2002-ல் அந்த மாகாண சர்க்கார் நிறுத்திவிட்டது. நம் மாகாணம் அதை எடுத்துக்கொள்ள யார் தடுக்கிறார்கள்? பத்தாம் வகுப்பு விஞ்ஞானத்தில் பாதி மார்க்காவது பிள்ளை தானே செய்த ஒரு வேலைக்கும், அதில் பட்ட தோல்விகளை எழுதிய நோட்டுக்கும் என்று வைத்துப் பார்க்கட்டுமே! நெய்வேலியிலோ, ஓய்வுபெற்ற பிட்டர்களும் வெல்டர்களும் எலக்ட்ரீஷியன்களும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவினர் அவர்களைச் சனிக்கிழமை அழைத்தால் வரமாட்டோம் என்றா சொல்லப்போகிறார்கள்?

புறப்படும்போது அந்தப் பெண்ணிடம், அடுத்தது என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டோம். கொடியில் காயும் துணியில் தூசி படிகிறதே, அது எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வருகிறதென்று பார்க்கவேண்டும், நாலு வீட்டு மாடியில் வைக்க ஒரே அளவில் நாலு வெள்ளைத் தட்டு வேண்டும் என்றாள். கடைத்தெருவில் தட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தோம். ஒரு தட்டு வாசற்படியில் விழுந்து உடைந்துவிட்டதாக நேற்றுத் தோழர் ஒருவர் தகவல் சொன்னார். வேறு அனுப்பியிருக்கிறோம்.