ஊரறிதல்

என் தந்தையார்க்கு அரசு அலுவலில் இடமாற்றம் நேர்ந்தமையால், யாங்கள் பாளையங்கோட்டையை விட்டுத் தருமபுரிக்குக் குடிபெயர்ந்து இரண்டாண்டு நிரம்பின. செய்தி கேட்ட உறவினர் யாவரும் ஒரே வினாவையே வினவினர்: "அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" வினவியவர் தாமே விடையும் பகர்ந்தனர்: "ஒகேனக்கல் இருக்கிறது, வேறொன்றும் இல்லை." இவ்வினாவும் பிழை, விடையும் பிழை என்பதே ஈண்டு யான் கூற விழைவது.

நகரையொட்டிய இலக்கியம்பட்டியில் எமக்கு வீடு கிடைத்தது. தமிழ் பயில்வான் ஒருவன் இலக்கியம்பட்டியிற் குடியேறினான் என்று வகுப்புத் தோழர் இன்றும் நகையாடுவர். அப்பெயரின் வரலாற்றை ஆராயும் பொறுப்பை அவர்கட்கே விட்டுவிடுகின்றேன். தந்தையார்க்கு அலுவலகம் உண்டு. எனக்குக் கல்லூரி விடுதி உண்டு. அன்னையார்க்கோ நான்கு சுவர்களே உண்டு. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வாயிற்கதவு சாத்தப்படுவது இரவிலேதான். புது வீட்டில் முதல் மூன்று திங்களும் அது பகலிலும் சாத்தியே கிடந்தது. ஞாயிறுதோறும் ஆலயத்திற்குச் சென்று திரும்புதல் ஒன்றே அவர் வெளிச்செலவு. தொலைபேசியில், "நன்றாகத்தான் இருக்கிறேன், நீ படி" என்பார். அக்குரலை நம்புவதற்கு எனக்கு மனமில்லை.

இந்நிலை கண்டு, தந்தையார் ஒரு விடுமுறை நாளில் வாடகை வண்டி அமர்த்தி எங்களை ஒகேனக்கற்கு அழைத்துச் சென்றார். பரிசலில் ஏறினோம்; அருவிச் சாரலில் நனைந்தோம்; பொரித்த மீனும் உண்டோம். காவிரியின் அழகைக் குறைகூறுவார் யார்? ஆயின், அன்று மாலை வீடு திரும்பியபோது எங்கள் தெரு முன்போலவே அயலார் தெருவாயிருந்தது. நாற்பது கிலோமீட்டர் தொலைவுக்கு அப்பாலுள்ள காட்சி, நாற்பதடி தொலைவிலுள்ள எதிர்வீட்டை எமக்கு அறிமுகப்படுத்துமாறில்லை.

அதனைச் செய்தது ஒரு துணிப்பை. எதிர்வீட்டு மூதாட்டியார் ஒருநாள் பையுங்கையுமாய் வந்து, "எத்தனை நாள் உள்ளேயே இருப்பீங்க அம்மா? சந்தைக்குப் போறேன், கூட வாங்க" என்றழைத்தார். அன்னையார் மறுக்க வகையறியாது உடன் சென்றார். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கலந்தொலிக்கும் அவ்விடத்தில், சாமையையும் கேழ்வரகையும் புளியையும் விலை கேட்டு நின்ற அந்நாளே எம் குடியேற்றத்தின் முதல் நாள் என்பேன். அடுத்த கிழமை அவ்வம்மையாரே எங்கள் அடுக்களையில் நின்று களி கிண்டக் கற்பித்தார். நெல்லைச் சோற்றில் வளர்ந்த என் நாவிற்கு முதற்களி இனித்ததென்று கூறின் அது பொய்யாகும். மூன்றாவது களி இனித்தது.

அதன்பின் சிறு செலவுகள் பல வாய்த்தன. பேருந்துக் கட்டணத்திற்கு மேல் செலவில்லாதன. கோட்டைக் கோயிலில் நுளம்பர் காலத்துத் தூண்களைக் கண்டோம். அதியமான்கோட்டைச் சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்து மேற்கூரை ஓவியங்களைக் கழுத்து நோவ அண்ணாந்து பார்த்தோம். பாப்பாரப்பட்டியில், 1925ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சுப்பிரமணிய சிவா உயிர்நீத்த மண்ணை மிதித்தோம். இவற்றினும் என்னை ஆட்கொண்டது நகரிலுள்ள அருங்காட்சியகமே. ஆநிரை மீட்டு வீழ்ந்த மறவர்க்கு நட்ட கற்கள் ஆங்கு வரிசையாய் நிற்கின்றன. அதியமான் நெடுமான் அஞ்சியின் நடுகல்லைக் குறித்து ஔவையார் பாடிய புறப்பாட்டைத் தேர்விற்காக உருப்போட்டவன் யான். நடுகல் என்பது எத்துணை உயரம் என்பதைக்கூட அதுவரை அறியேன்! தகடூர் என்று சங்கச் சான்றோர் வழங்கிய ஊர் இதுவே. அவ்வஞ்சியின் பெயர் பொறித்த கல்வெட்டொன்று 1981இல் திருக்கோவலூர்ப் பக்கத்துச் சம்பையில் வெளிப்பட்டமையால், அவன் புலவர் கற்பனையல்லன் என்பதும் உறுதியாயிற்று. இவ்வளவும் பாடநூலில் உள்ளதுதான். ஆயினும் கல்லின்முன் நின்று கற்பது வேறாயிருக்கின்றது.

புதியராய் வந்து இவ்வூரில் உளம் பறிகொடுத்தார் எமக்கு முன்னரும் உளர். பிற்காலத்தே சென்னை ஆளுநராய் விளங்கிய தாமசு மன்றோ, 1792 முதல் 1799 வரை பாராமகால் நாட்டில் வரித்திட்டம் வகுக்கும் அலுவலராயிருந்தார். தருமபுரியில் வீடும் தோட்டமும் அமைத்து வாழ்ந்த அவர், பிரிய நேர்ந்தபோது அத்தோட்டத்தை எண்ணி வருந்தித் தம் வீட்டார்க்கு மடல் எழுதினார். வரி தண்ட வந்தவர் மரம் நட்டு மனம் இழந்தார். ஊர்கள் இவ்வாறுதான் ஆளைப் பிடித்துக்கொள்கின்றன போலும்.

நிற்க. இக்கருத்தினை எதிர்வீட்டு மூதாட்டியாரின் மகனாரிடம் ஒருநாள் ஆர்வத்தோடு விரித்துரைத்தேன். அவர் புன்னகைத்து, "உங்களுக்கு எல்லாம் வேடிக்கை, தம்பி. எங்க பிள்ளைங்க பிழைப்புக்குப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறுறாங்க, நீங்க சுத்திப் பார்க்க வந்திருக்கீங்க" என்றார். நகைத்தபோது அவர் பற்களிற் பழுப்புக்கறை தோன்றிற்று. நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடு மிகுதியால் இம்மாவட்டத்தார் பலர் பல்லும் எலும்பும் கேடுற்றதையும், காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் தொடங்கிவைக்கப்பட்டதையும் அவர்வாயிலாகவே கேட்டறிந்தேன். பரிசலில் ஏறியபோது அந்நீரை வெறும் அழகாகவே கண்டிருந்தேன். அவர்க்கு யான் மறுமொழி கூறவில்லை. அவர் கூறியது மெய். விருந்தினனுடைய அன்பு எளிது. ஆனாலும், வண்டியில் வந்து அருவி பார்த்து மீள்வானுக்கு அப்பழுப்புக்கறை தெரிய வழியேயில்லை என்பதும் மெய்யன்றோ? களி உண்ட வீட்டுத் திண்ணையில் அமர்ந்தமையாலன்றோ அவர் என்னிடம் அதனைக் கூறினார்?

இவ்விடுமுறையில் நெல்லையினின்று என் மாமா வந்திருந்தார். வந்த அன்றே ஒகேனக்கற்கு வண்டி பேசுமாறு பணித்தார். அன்னையார் எதிர்வீட்டை நோக்கிக் குரல்கொடுத்துக்கொண்டே, "அது நாளைக்கு ஆகட்டும் அண்ணே, இன்னிக்கு இராமாக்காள் ஏரிக்கரைக்கு நடப்போம்" என்றார். "ஓர் ஏரியைப் பார்க்கவா இத்தனை தொலைவு கடந்து வந்தேன்?" என்று மாமா வழியெல்லாம் முணுமுணுத்தார். நாங்கள் வீடு திரும்ப இருட்டிவிட்டது. வாயிற்கதவு அதுவரை திறந்தேயிருந்தது, எதிர்வீட்டார் பார்த்துக்கொள்வார் என்னும் துணிவில்.