எதனை விடுவது?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்துப் பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றைக் கற்பனையில் வடிவமைக்க முனைவோர், பெரும் பீரங்கி, தடித்த கவசம், மிகுந்த விரைவு ஆகிய மூன்றையும் ஒருங்கே விரும்புவர். ஆயினும், கப்பல் தாங்கும் எடைக்கு எல்லை உண்டு. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் குறைத்தல் வேண்டும். எனவே, எதனை விடுவது என்பதே வடிவமைப்பாளர் முன் நிற்கும் முதல் வினாவாகும்.

1906இல் கடலில் இறங்கிய 'டிரெட்நாட்' கப்பல், 12 அங்குல வாய்விட்டமுடைய பத்துப் பீரங்கிகளையும் மணிக்கு 21 கடல்மைல் விரைவையும் பெற்றிருந்தது. அதன் பக்கக் கவசம் 11 அங்குலம் வரை தடித்திருந்தது. அடுத்து வந்த 'இன்வின்சிபிள்', 25 கடல்மைல் விரைவை எட்டும்பொருட்டுப் பீரங்கிகளை எட்டாகவும் பக்கக் கவசத்தை 6 அங்குலமாகவும் குறைத்துக்கொண்டது. தன்னினும் வலிமை குறைந்த குரூசர் கப்பல்களைத் துரத்தி அழிப்பதே அதன் முதன்மைப் பணி. 1914இல் பாக்லாந்துத் தீவுகளின் அருகே அப்பணியை அது செவ்வனே முடித்தது.

ஆனால், 1916 மே 31 அன்று ஜட்லாந்துப் போரில், தனக்கு நிகரான பெரும் பீரங்கிகளின் முன் அது நிறுத்தப்பட்டது. குண்டு பாய்ந்து வெடித்த அக்கப்பலில் 1,026 பேர் மாண்டனர். அறுவரே உயிர் தப்பினர். அன்று பிரித்தானியக் கப்பல்கள் வெடித்தமைக்கு, வெடிமருந்தைக் கையாண்ட முறையும் காரணம் என்பர் ஆய்வாளர். அதனை மறுப்பதற்கில்லை. எனினும், கவசத்தை விட்டுக்கொடுத்துப் பெற்ற விரைவை, கவசமே தேவைப்படும் களத்திற்கு அனுப்பியது பெரும்பிழையாகும்.

வரைபடத்தில் குறையும் ஒவ்வோர் அங்குலமும் உள்ளே பணிபுரிவோரின் உயிர்க்காப்பாகும். ஆதலால், கற்பனைக் கப்பலை வரைவோரும், அது எக்களத்திற்கு உரியதன்று என்பதையும் வரைபடத்திலேயே எழுதிவைத்தல் வேண்டும்.